பிளேன் ரோட்டு மாடுகள்

அய்யய்யோ, அது மேல உக்காந்துடாதீங்க சார், அது மாடு. இன்னும் காயல. நீங்க உக்காந்தா எருமையாப் பூடும். இந்தாண்ட பொட்டி கெடக்குது பாருங்க, அதுல உக்காருங்க. அதுல இருக்கறது எல்லாம் ஒடஞ்ச கப்பு தான், பரவால்ல.

ஆமா, தெரியும். மெட்ராஸுலேருந்து வந்திருக்கீங்க. பிளேன் ரோட்ட நீட்டுறதுக்கு யாருக்கு என்னா ஆட்சேபனைன்னு எழுதிக்கிட்டுப் போவ. காலையிலேருந்து ஸ்கூல்ல பெஞ்சு போட்டு உக்காந்திருந்தீங்களாம், ஒரு ஈ காக்கா வரலியாம். எப்படி சார் வருவாங்க? இன்னிக்குச் சூளை பிரிக்கிற நாளு. சூளை பிரிக்கிற அன்னிக்கு இந்த ஊர்ல கல்யாணமே வைக்க மாட்டாங்க, நீங்க போயி ஆட்சேபனைய வச்சிருக்கீங்க.

ஜீப்பா? வெடிச்ச டயருக்கு மாத்து பெண்ணாடத்துலேருந்து வரணும்ல, மெதுவாத் தான் வரும். நான் இருக்கேன், என் ஆட்சேபனைய எழுதிக்கங்க. பேரு தாஜ் நிஷா. இந்தத் தெருவுல ஆட்சேபனை உள்ளவ நான் ஒருத்தி தான், அதனால பேப்பரு மிச்சம்.

தப்பா நெனக்காதீங்க, நான் வேலை செஞ்சிக்கிட்டே தான் பேசுவேன். அச்சுல ஊத்தி எடுத்த பொம்மைக்கு வயித்தோட ஒரு கோடு நிக்கும். அத கத்தியால சொரண்டி, ஈரப் பஞ்சால தொடச்சி, வெயில்ல காய வச்சி, விருத்தகிரி அண்ணன் பட்டறைக்குக் குடுத்துடணும். அவரு சூளையில வச்சிடுவாரு. இந்த மாட்டக் கொஞ்சம் புடிங்க. கழுத்தப் புடிக்காதீங்க, வயித்தப் புடிங்க. ஆங்.

காய வைக்கிறதுக்குத் தான் அந்த பிளேன் ரோடு. யுத்தத்தப்ப வெள்ளக்காரன் போட்ட சிமிட்டித் தரை. அதுல பிளேனு எறங்கி நான் பாத்ததில்ல. ஆனா காய வைக்கிறதுக்கு அத மாதிரி ஒரு எடம் ஒலகத்துலயே கெடையாது சார். ஒரு மேடு பள்ளம் இருக்காது. ஒரு பக்கம் மல்லாட்ட, அதான் ஒங்க ஊரு வேர்க்கடல, காயும், ஒரு பக்கம் முந்திரிக்கொட்ட, நடுவுல எங்க பொம்ம. சர்க்காரு வந்து அத ஏர்போர்ட்டுங்குது. நாங்க களம்னு தான் நெனச்சிக்கிட்டு இருந்தோம்.

போன பங்குனியில தரை எப்படி இருக்குதுன்னு எறங்கிப் பாக்க ஒரு சின்ன பிளேன அனுப்புனாங்க. எங்களுக்கு யாரு சொன்னா? அன்னிக்குன்னு பாத்து நான் மாடு காய வச்சிருந்தேன். வெள்ள மாடு, தலையத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி. ரோடு பூரா மாடு. பிளேனு வந்துச்சு, எறங்குற மாதிரி தாழ வந்துச்சு, திரும்ப ஏறிடிச்சு. திரும்ப வந்துச்சு, திரும்ப ஏறிடிச்சு. நாங்க எல்லாம் கையக் கையக் காட்டுறோம். அவரும் உள்ளேருந்து கையக் காட்டுறாரு, மாட்ட ஓட்டுங்கன்னு. நாங்க, பாரு நமக்கு டாட்டா சொல்றாருன்னு இன்னும் கையக் காட்டுறோம். போயிட்டாரு மனுசன். ஓடுதளத்துல பெரிய மாட்டு மந்தைன்னு எழுதிக் குடுத்துட்டாராம்.

சிரிக்காதீங்க. எனக்கு என்னா பயம்னா, மாடு இத்துனூண்டு தெரிஞ்சதும் நாம இன்னும் ரொம்ப ஒசரத்துல இருக்குறோம்னு அவரு நெனச்சிருப்பாரு இல்ல? அதே நெனப்புல எறங்கியிருந்தாருன்னா? அல்லா தான் காப்பாத்துனான்.

அதுக்கப்பறம் மாட்டு டாக்டர அனுப்புனாங்க. லாரி, கயிறு, ஊசி எல்லாத்தோடயும் வந்தாரு. மந்தைய எங்கன்னாரு. இந்தான்னு காட்டுனேன். எடுத்த ஊசியத் திரும்பப் பையில வச்சிக்கிட்டாரு, பாவம். பேப்பர்ல மந்தைன்னு ஏறிடிச்சும்மா, இல்லன்னு எழுதுனா எங்க போச்சுன்னு கேப்பாங்கன்னாரு. அப்பறம் மாடெல்லாம் ஆரோக்கியமா இருக்குது, நோய் நொடி இல்ல, மேயுற பழக்கமும் இல்லன்னு எழுதிட்டு, டேபிளு மேல வைக்க ஒரு மாட்டக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாரு.

மாடு முடிஞ்சி, கொக்கு. ஏரியில கொக்கும் நாரையும் இருந்தா பிளேனுக்கு ஆவாதாம். வெரட்டுறதுக்குப் பச்சமுத்துவ வேலைக்கு வச்சாங்க, வெடி போடுற வேல. பச்சமுத்து யாரு தெரியுமா? தீவாளிக்கே காதுல பஞ்ச வச்சிக்கிட்டு அக்கா வூட்டுக்கு ஓடுற ஆளு. அவன் திரியக் கொளுத்திட்டு ஓடுற ஓட்டத்தப் பாத்தே கொக்கெல்லாம் போயிடிச்சு. எங்க போச்சு? ஊருக்குள்ள வந்து பட்டறைக் கூரை மேல உக்காந்துக்கிச்சு. ஏரிக்கரையில கொக்கு இல்லன்ன ஒடனே நண்டு பெருகிப் போச்சு. நெல்லு நாத்த நறுக்குது, வரப்புல பொந்து போடுது. கோவிந்தராசு ரெட்டியாரு வயல்ல தண்ணி பாய்ச்சுனா பொழுதுக்குள்ள பக்கத்து வயல்ல நிக்கிது. அவரு போயி ஏர்போர்ட்டு ஆபீஸுல கேட்டாரு. பறக்காத உயிரு எங்க பொறுப்புல வராதுன்னுட்டாங்க. அப்ப நான் தூக்கிப் போட்டா வருமான்னு கேட்டிருக்காரு ரெட்டியாரு. கையில நண்டு வேற வச்சிருந்தாராம்.

விருத்தகிரி அண்ணனுக்கு வேற மாதிரி. சூளைச் சிம்னி ஒசரமா இருக்குது, பிளேனுக்குத் தெரியணும், சிவப்பு லைட்டு கட்டுன்னாங்க. கட்டுனாரு. பொகையில லைட்டு தெரியலன்னாங்க. அப்ப பொகைய நிறுத்தட்டுமான்னாரு. பொகைய யாரு நிறுத்தச் சொன்னா, மேல போவாம பக்கவாட்டுல வுடுங்கன்னாங்க. அண்ணன் அன்னிலேருந்து பொகையோட பேசிக்கிட்டு இருக்காரு.

என்னா? ஆமா, காண்ட்ராக்டரு தர்மராஜ் தான். ரோடு நீட்டுற வேலை அவருக்குன்னு பேசிக்கிறாங்க. மீட்டிங்கு போட்டாரு. எங்க தெரு பொம்பளைங்க பூரா போனோம். எங்களுக்கு ஒரே கவலை, கீத்துத் தட்டி கட்டித் தான குளிக்கிறோம், மேல தெறந்து தான கெடக்குது? பிளேன்லேருந்து பாத்தா தெரியுமான்னு எதுத்த வூட்டு அமீர் நிஷா கேட்டா. பிளேன் ஓட்டுறவரு நேராத் தான் பாப்பாரு, கீழ இருக்கறது ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாதுன்னாரு தர்மராஜ். அப்ப என் மாடு மட்டும் எப்படிங்க தெரிஞ்சிச்சின்னேன். அந்த மீட்டிங்கு அதோட கலைஞ்சிடிச்சு.

இது எல்லாம் சிரிப்புக்குச் சரி. ஏரி சிரிப்பு இல்ல சார். ரோட்ட நீட்டுறதுன்னா இந்த ஏரி, வெள்ளேரியில பாதிய மண்ணு போட்டுத் தூக்கணும். மதகு வரைக்கும் கல்லு நட்டுட்டாங்க, நீங்களே பாத்திருப்பீங்க. ஏரி நெறஞ்சா எங்க கெணத்துல தண்ணி ஊறும். ஏரி வத்துனா கெணறு வத்தும். மண்ணு கரைக்கிறதுக்கும் அந்தத் தண்ணி, ஒல வைக்கிறதுக்கும் அந்தத் தண்ணி. அதக் கேட்டா தர்மராஜ் சொல்றாரு, ரோட்டுல வுழற மழைத் தண்ணி பூரா வாய்க்கா வழியா ஒங்களுக்குத் தானேன்னு. பிளேனு எண்ணெ அதுல மெதக்குமேன்னா, வறுக்குறப்ப எண்ணெ மிச்சந்தானம்மாங்குறாரு. அந்த ஆளுக்கு வூட்டுல சோறு போடுறவங்க நல்லவங்களா இருக்கணும்.

அப்ப ஊரே ஒத்துமையாத் தான் இருந்துச்சு சார். ஏரிய வுட மாட்டோம்னு. வயக்காரரு மாரிமுத்துலேருந்து எங்க தெரு ஜாபர் அலி மாமு வரைக்கும். அடுத்த மீட்டிங்குல தர்மராஜ் ஒரே ஒரு வார்த்த தான் சொன்னாரு. ரோடு நீண்டுடிச்சின்னா துபாயிலேருந்து நேரா இங்கயே பிளேனு வந்து எறங்கும்னாரு. அவ்ளோ தான், எங்க தெரு பூரா அந்தப் பக்கம் சாஞ்சிடிச்சு. வூட்டுக்கு ஒரு ஆளு அங்க தான இருக்குது. அமீர் நிஷாவுக்குக் குளிக்கிற தட்டி ஞாபகமே இல்ல இப்ப. வூட்டுக்காரரு துபாயில ஏறுறப்ப பிரியாணி அரிசிய ஊற வச்சா, எறங்குறப்ப தம் போட்டுடலாமாடின்னு கேக்குறா. எங்க மாமி, எங்க வூட்டுக்காரரப் பெத்தவங்க, சுல்தான் பீவின்னு பேரு, அவுங்க என்னய பிளேன் ரோட்டுல மாடு காய வைக்கக் கூடாதுங்குறாங்க. எம் புள்ள எறங்குற எடத்துல ஒன் பொம்மைய பரப்பாதங்குறாங்க. என் மவ இருக்காளே, எட்டாவது படிக்கிறா, அவ போயி ரோட்டு முனையிலேருந்து எங்க வூடு வரைக்கும் நடந்து பாத்துட்டு வந்து, அத்தா பொட்டியத் தலையில வச்சிக்கிட்டே வந்துடலாம்மா, வண்டியே வேணாம்ங்குறா.

ஜீப்பு சத்தமா? இல்ல சார், அது கரும்பு லாரி.

கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் அதத் தான் கேக்குறாங்க. வூட்டுக்காரரு அங்க இருக்குறப்ப நீ தானடி மொதல்ல சந்தோசப்படணும்னு. சந்தோசந்தான். யாரு இல்லன்னா.

அந்த மாட்டக் கீழ வைங்க சார், கை வலிக்கும்.

அவுங்க துபாய் போறப்ப என் மவளுக்குப் பல்லு மொளைக்கல. மொத வருசம் தகவல் வந்துச்சு. லீவு கெடைக்கல, கப்பல்ல வந்தா பம்பாய்க்கே அத்தன நாளு ஆவுது, அங்கேருந்து ரயிலு, அப்பறம் மெட்ராஸு, அதுக்குள்ள லீவு முடிஞ்சிடும்னு. அது அவுங்க சொன்னது. அதுக்கப்பறம் நான் தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். பெருநாளைக்கு ஒரு தடவ, மாமிக்கு ஒடம்புக்கு முடியாதப்ப ஒரு தடவ. பம்பாயில மழைன்னு சொல்லுவேன். கப்பலு நின்னு போச்சும்பேன். நான் பம்பாய பாத்ததில்ல சார், ஆனா அங்க எத்தன தடவ மழை பெஞ்சிருக்குது தெரியுமா.

பரக்கத்துல்லா அண்ணன் லீவுல வந்திருந்தாரு. எங்க வூட்டுக்காரரு இருக்குற ஊருல தான் அவருக்கும் வேல. எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். நல்லா இருக்காரும்மான்னு டீ கிளாஸையே பாத்துக்கிட்டு சொன்னாரு. வூட்டுலயும் புள்ளைங்களும் எல்லாரும் சொகந்தான்னு வந்துடிச்சு அவரு வாயில. எனக்கு மவ ஒருத்தி தான் சார். எந்த வூட்டுலன்னு நான் கேக்கல. அவரும் அதுக்கு மேல டீய குடிக்கல.

பம்பாய் தூரம் சார். தூரம்னு சொன்னா யாரும் எதுத்துக் கேக்குறதில்ல. நம்ம கொல்லையிலயே பிளேனு வந்து நின்னு, அமீர் நிஷா வூட்டுக்காரரு எறங்கி, பக்கத்து வூட்டு ரசூலு எறங்கி, தெருவுல உள்ள எல்லா ஆம்பளைங்களும் எறங்கி, பிளேனு கதவையும் சாத்திட்டாங்கன்னு வைங்க. மவ அங்க நிப்பா. மாமி நிப்பாங்க. நான் அப்ப என்னா தூரத்தச் சொல்றது?

அய்ய, அத எழுதாதீங்க சார். ஏரின்னு எழுதுங்க. கெணறு வத்திடும்னு எழுதுங்க. அதுவும் நெசந்தான.

கையெழுத்தா, போடுவேனே. இருங்க, கைய கழுவிக்கிட்டு வரேன், பேப்பர்ல மண்ணு ஒட்டிடும்.