நாலாம் பக்கம்

— நாலாம் பக்கம் எங்கே?

— என்ன நாலாம் பக்கம்பா?

— பேப்பர்ல. ரெண்டு இருக்கு, அஞ்சு இருக்கு. நடுவுல ஒரு தாளைக் காணோம்.

— கடையில வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்.

— பாப்பா, நாப்பது வருஷம் பாத்திரக்கடை வச்சவன்கிட்ட மூடி இல்லாத டப்பாவை நீட்டி, 'வரும்போதே அப்படித்தான்'ங்கறியே. உனக்கு வியாபாரம் பழக்கினது நான்தானா?

— இப்ப பேப்பரா முக்கியம்? அந்த ஆபரேஷன் ஃபாரத்துல கையெழுத்தைப் போடுங்க. நர்ஸ் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க.

— போடறேன். முதல்ல செய்தி, அப்புறம் போணி. நம்ம கடை வழக்கம் மறந்துபோச்சா?

— மறக்குமா? ஷட்டரைத் தூக்கினதும் பேப்பர். பேப்பர்ல ஒரு செய்தி. செய்தியில ஒரு பாடம். நீங்க அதைச் சொல்லி முடிக்கறவரைக்கும், ராஜாவே வந்து அண்டா கேட்டாலும் வாசல்ல நிக்கணும்.

— நின்னாங்கல்ல?

— எங்க நின்னாங்க? எதிர்க்கடைக்குப் போனாங்க.

— எதிர்க்கடைக்காரன் கடைசியில என்ன ஆனான்? அதைச் சொல்லு. எங்கேயோ ஒரு ஊர்ல கிடங்கு தீப்பிடிச்சதுன்னு படிச்சேன். அன்னிக்கே நம்ம பின்கட்டு அடுப்பைத் தூக்கி வெளிய போட்டேன். பாத்துப் பாத்துச் சிரிச்சான். அந்தக் கோடையிலயே அவன் பின்கட்டு பத்திக்கிச்சு.

— ஆயிரம் தடவை கேட்டாச்சுப்பா.

— கப்பல் பாரம் தாங்காம முழுகினது?

— மேல்தட்டுக் குடத்தையெல்லாம் கீழ இறக்க வச்சீங்க. என் கால்லதான் ஒண்ணு விழுந்துச்சு. சர்க்கஸ் யானை கயித்தை அறுத்துக்கிட்டு ஓடினதுக்கு, என் ரெட்டைப் பின்னலை ஒத்தையா மாத்தச் சொன்னீங்க. யானைக்கும் என் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

— ரெண்டு கயிறு போட்டா, அது இழுக்கும்னு இது இருக்கும், இது இழுக்கும்னு அது இருக்கும். அதான் பாடம்.

— யானை ஓடாம இருக்கச் சொன்ன பாடம்! அம்மா என்ன சொல்லுவாங்க, ஞாபகம் இருக்கா? 'உலகத்துல எங்க மழை பெஞ்சாலும் உங்கப்பாவுக்கு நம்ம வீட்டுலதான் குடை விரிக்கணும்.'

— சொல்லுவா. சொல்லிட்டு அவளே விரிப்பா.

— ஆமா. விரிப்பாங்க.

— தாளை எடு பாப்பா.

— இல்லைங்கறேன்ல.

— உன் கைப்பை காலையில வரும்போது தட்டையா இருந்துச்சு. இப்ப வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது.

— உங்க கண்ணுக்கு ஒரு ஆபரேஷனும் வேண்டாம்.

— எவனோ டேபிள்லயே போயிட்டான், அதானே? இதே நெஞ்சு கேஸ். நான் படிச்சா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவேன்னு உருவிட்ட.

— அது இல்லப்பா.

— அப்ப ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு? விலை சொல்லத் தெரியாதவன் மூஞ்சி மாதிரி?

— உங்களை இந்தக் கட்டில்ல பாக்கும்போது அம்மா ஞாபகம் வருது. அதான். அவங்க நெஞ்சு ஆபரேஷனுக்கும் இதே மாதிரி ஃபாரம் இருந்துச்சு. அன்னிக்கும் காலையில நீங்க ஒரு செய்தி படிச்சீங்க.

— அந்தப் பேச்சை எடுக்காதே.

— நான் எடுக்கல. நீங்கதான் பேப்பரை விட மாட்டேங்கறீங்க.

— மூலையில ஒரு செய்தி. விரல் நீளம்கூட இருக்காது. யாரு பெத்த பிள்ளையோ, எந்த ஊரோ. நெஞ்சைத் திறந்தாங்க, மூடறதுக்குள்ள போயிட்டார்னு போட்டிருந்தான். அவ்வளவுதான். மிச்சப் பக்கம் முழுக்க சோப்பு விளம்பரம்.

— டாக்டர் அவ்வளவு எடுத்துச் சொன்னாராமே.

— சொன்னாரு. 'ரெண்டு மணி நேர வேலைங்க, ஒண்ணுமே இல்ல'ன்னாரு. அங்கதான் எனக்குப் பிடிக்காம போச்சு. 'ஒண்ணுமே இல்ல, எடுத்துட்டுப் போங்க'ன்னு எதைச் சொல்லி விப்போம்? அடியில கீறல் விட்ட பாத்திரத்தைத்தான் அப்படிச் சொல்லித் தள்ளுவோம். இந்த ஆளு என் தலையில எதையோ கட்டப் பாக்கறான்னு நினைச்சேன்.

— அம்மா என்ன சொன்னாங்க? நான் வெளிய பெஞ்சில உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாருமே எதுவும் சொல்லல.

— அவளா? ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கிட்டுத் தயாரா இருந்தா. கிளம்பலாம்னேன். என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தா. 'அப்ப நான் என் துணியைப் போட்டுக்கட்டுமா'ன்னு கேட்டா. போட்டுக்கோன்னேன். போட்டுக்கிட்டா.

— அவ்வளவுதானா?

— வண்டியில வரும்போது, 'இன்னிக்கு என்ன பாடம்?'னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. நீ அவ மடியில தூங்கிட்டே.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'நல்லா மூடியிருக்கற பாத்திரத்தைத் திறக்கக் கூடாது'ன்னேன்.

— அடுத்த மழைக்கு அம்மா இல்ல.

— இல்ல.

— என்ன பெரியவரே, கையெழுத்து ஆச்சா? டாக்டர் கை கழுவப் போயாச்சு, சரியா? அந்தக் கண்ணாடியையும் மோதிரத்தையும் கழட்டி உங்க பொண்ணுகிட்ட குடுங்க.

— நர்ஸம்மா, உங்க ரூமுக்குப் பேப்பர் வருமா?

— வருமே. மேஜை மேலதான் கிடக்கு. ஏன்?

— நாலாம் பக்கத்தை மட்டும் கொண்டாங்க. அது இந்தக் கையில வந்தா, ஃபாரம் அந்தக் கையில வரும்.

— வேணாம் சிஸ்டர், ப்ளீஸ்.

— என்ன குடும்பம் இது! நேத்து மூணு ஊசியை ரெண்டாக் குறைக்கச் சொல்லி பேரம். இன்னிக்குப் பேப்பருக்கா? இருங்க, எடுத்துட்டு வந்து தொலைக்கறேன். கண்ணாடியைக் கழட்டி வைங்க, சரியா?

— அப்பா, சொன்னாக் கேளுங்க. அந்தச் செய்தி வேண்டாம்.

— செத்தவன் பேரையாவது தெரிஞ்சுக்கறேன் பாப்பா. போன தடவை அதைக்கூடப் பாக்கல.

— இந்தாங்க பெரியவரே, உங்க சொத்து.

— கண்ணாடியைத்தான் பிடுங்கிட்டீங்களே. நீங்களே படிங்க.

— எதைப் படிக்க? 'தலைமுடி உதிர்கிறதா?'

— எனக்கு உதிர என்ன இருக்கு? அது விளம்பரம். அதுக்கு மேல பாருங்க.

— மேல... ஆங், இதுவா? 'எழுபது வயதில் சைக்கிள் பழகும் பெண்மணி.' படம்கூட இருக்கு. முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறாங்க. 'முப்பது ஆண்டுகளுக்கு முன் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட இவர்...' பாத்தீங்களா, உங்க கேஸ்தான்! 'அன்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். இரண்டு மணி நேரம்தான். ஒன்றுமே இல்லை என்று சிரிக்கிறார்.' அடடா, இவ்வளவு நல்ல செய்தியையா மறைச்சு வச்சீங்கம்மா? வார்டு பூராவும் ஒட்டணும் இதை!

— எத்தனை வருஷம்னு போட்டிருக்கு?

— முப்பது.

— பாப்பா, உங்கம்மாவுக்கும்...

— அதே வருஷம்தான்பா.

— ஐயோ, எனக்குத் தெரியாம படிச்சுட்டேனே.

— அதான் உருவினேன். கெட்ட செய்தின்னா நானே குடுத்திருப்பேன். ஊர்ல ஆயிரம் நடக்கும்னு உங்களோட சண்டை போட்டிருப்பேன். இதை எப்படிப்பா உங்க கையில குடுக்கறது?

— உங்கம்மாவும் கேட்டா. கடைக்கும் வீட்டுக்கும் நடந்து செருப்புத் தேயுது, சைக்கிள் கத்துக்கட்டுமான்னு.

— நீங்க வேண்டாம்னீங்களா?

— அன்னிக்குப் பாத்து ஒரு சைக்கிள் விபத்து. முதல் பக்கத்துலயே போட்டிருந்தான்.

— நான் வேணா கொஞ்சம் வெளிய நிக்கட்டா, சரியா?

— இருங்க நர்ஸம்மா. தெரியாம படிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.

— இன்னிக்கு என்ன பாடம்பா?

— உங்கம்மா மாதிரியே கேக்கறே.

— சொல்லுங்க.

— பாடம் இல்ல பாப்பா. காலம் போன சரக்கு. இதை எந்தத் தட்டுல வைப்பேன்? அன்னிக்கு அவ முகம் எனக்கு எதிர்லயே இருந்துச்சு. வீட்டுக்குப் போகணும்னு அதுல இல்ல, இருக்கணும்னுதான் இருந்திருக்கும். அதைப் படிக்காம, விரல் நீளச் செய்தியைப் படிச்சுட்டு நின்னேன்.

— பழசை விடுங்கப்பா. இப்ப உங்க உயிரைப் பாருங்க. பயப்படாதீங்க.

— பயமா? யாருக்கு?

— பயமில்லாமலா மூணு நாளா ஃபாரத்தை இழுத்தடிக்கறீங்க?

— பேனாவைக் குடு. ஆனா ஒரு நிபந்தனை.

— ஆரம்பிச்சுட்டாரு! ஊசியில ஒண்ணுகூடக் குறையாது பெரியவரே, சரியா?

— பேரம் உங்ககூட இல்லம்மா, இவகூட. இந்தாங்க, போட்டாச்சு கையெழுத்து. முன்பணமா வச்சுக்கோங்க.

— சொல்லுங்கப்பா. நீங்க கேக்கற விலைக்கே சரி.

— நான் கண்ணு முழிச்சதும், குனிஞ்சு வந்து 'பாத்தீங்களாப்பா, ஒண்ணுமே இல்ல'ன்னு மட்டும் சொல்லிடாதே.

— ஏன்பா? சந்தோஷமான வார்த்தைதானே?

— அது உங்கம்மா காதுல விழக் கூடாது.