லென்ஸ் கம்பெனிக் கூட்டத்தில் கலைமதி படித்த வரி

அன்புச்செல்வி, வயது 43, கணவர் பெயர் சகாயராஜ், மாதா கோவில் தெரு, திண்டிவனம். விழுப்புரத்தில் காவல் ஆய்வாளர் விசாரித்தபோது சொன்னது:

நான் மேற்படி முகவரியில் என் கணவர், மகள் கலைமதி ஆகியோருடன் வசித்து வருகிறேன். தையல் வேலை செய்கிறேன். என் கணவர் கல்லூரி வேன் ஓட்டிவந்தார். கலைமதி மயிலத்தில் பி.காம். படித்துவந்தாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடி போடாவிட்டால் எதிரே வந்து நிற்கும் பஸ்ஸின் பெயர்ப்பலகைகூடத் தெரியாது.

சென்ற ஆண்டு கோடையில் விழுப்புரத்தைச் சேர்ந்த பூவரசன் என்பவர் என் கணவருக்குப் பழக்கமானார். கான்டாக்ட் லென்ஸ் தயாரிக்கும் கம்பெனி தொடங்கப்போவதாகவும், பணம் போடுகிறவர்கள் அதில் பங்குதாரர் ஆகலாம் என்றும் கூறினார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து, “செல்போன் பாத்து பாத்து எல்லார் கண்ணும் கெட்டுப் போய்க்கினு கீது. இத மாசா மாசம் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும். கண்ணு இருக்கிற வரைக்கும் யாவாரம் கீதுண்ணே” என்றார். மயிலம் போகும் வழியில் கம்பிவேலி போட்ட ஒரு காலி நிலத்தைக் காட்டி, தொழிற்சாலை அங்கேதான் வருகிறது என்றார். வீடு கட்ட வைத்திருந்த மனையை விற்று என் கணவர் அதில் போட்டார். அதன் பிறகு வேன் வேலையை விட்டுவிட்டு, கம்பெனிக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்தார்.

முதல் கூட்டம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பூவரசன் கலைமதியை மேடைக்கு அழைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, சாம்பல் நிற லென்ஸ் இரண்டை அவள் கண்களில் வைத்தார். எதிர்ச் சுவரில், கண் டாக்டரிடம் இருப்பது போன்ற எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. அவள் கடைசி வரியின் பொடி எழுத்துகள் வரை படித்தாள். அதன் பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, “ம்மா, உன் கம்மல்ல ஒரு கல்லு காணோம்மா!” என்று மேடையிலிருந்தே கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நிறையப் பேர் அன்றே பணம் கட்டினார்கள்.

அதன் பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் அவளையே அழைத்துப் போனார்கள். மாதம் முடிந்து புது லென்ஸ் கேட்டதற்கு, மிஷின் துறைமுகத்தில் நிற்கிறது, அதுவரை இதையே தண்ணீரில் அலசிப் போடட்டும் என்று பூவரசன் கூறினார். அவள் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அலசிப் போட்டாள். சில வாரங்களில் வலது கண் சிவந்துபோனது. பகலில் சன்னலைச் சாத்திக்கொண்டு, தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். என் கணவர் வாசலில் நின்றுகொண்டு, “ஞாயித்துக்கிழம விழுப்புரத்துல பெரிய கூட்டம். இப்ப இவ ஆஸ்பத்திரி போனா ஊருக்கே தெரிஞ்சிபூடும். நம்மள நம்பிப் போட்டவங்கல்லாம் இன்னா ஆவாங்க? அது முடியட்டும், ஜல்தியா இட்டுக்கினு போலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ்ஸில் விழுப்புரம் போனோம். நான் முன் இருக்கையில் இருந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும், என் கணவர் பின்னாலிருந்து, “க, ட, ந, ப, ய, ம” என்று சொல்வதும், கலைமதி அதைத் திருப்பிச் சொல்வதும் எனக்குக் கேட்டது. அது பலகையின் கடைசி வரி. கூட்டம் இல்லாத நாட்களில் பலகை எங்கள் வீட்டில்தான் இருக்கும். அவள் தப்பாகச் சொன்னபோது மறுபடி முதலிலிருந்து சொல்லவைத்தார். சின்ன வயதில் அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான்.

மேடையில் லென்ஸை வைத்தபோது அவள் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தாள். வலது கண்ணோடு இடது கண்ணும் கூசி, இரண்டிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. பூவரசன் மைக்கில், “சந்தோஷத்துல அழுவுதுங்க பாப்பா” என்றார். அதன் பிறகு அவள் கடைசி வரியைப் பிழையில்லாமல் சொன்னாள். பலகை இருந்த திசையில் அவள் பார்க்கவில்லை. சுவர் மின்விசிறி இருந்த பக்கம் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் தெருவைச் சேர்ந்த கோவிந்தம்மாள், மாடு விற்ற பணத்தை அங்கேயே கொடுத்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் கலைமதி மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தண்ணீரிலிருந்த கிருமி கருவிழிக்குள் போய்விட்டது, வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் கூறினார். அதன் பிறகு பூவரசன் ஆபீசைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். தானும் ஏமாந்தவன் என்று என் கணவர் முதல் ஆளாகப் புகார் கொடுத்தார்.

இப்போது கலைமதி கல்லூரிக்குப் போவதில்லை. நான் தைத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்த எழுத்துகள் கேட்கும். திரும்பினால், வெறும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். இன்னாடி பண்ற என்று கேட்டால், “ஒன்னுமில்லம்மா, தப்பில்லாம வருதான்னு பாத்துக்கினு கீறேன்” என்பாள்.

கோவிந்தம்மாள் என் வீட்டுக்கு வந்து, “உன் பொண்ணு கண்ண பாத்துதான் அன்பு நான் பணத்த குடுத்தேன். அன்னைக்கு அதுக்குக் கண்ணு தெரிஞ்சிதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு” என்று கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டேன். பதிலை இங்கே சொல்கிறேன். அன்று அவளுக்குக் கண் தெரியவில்லை. தெரியவில்லை என்பது என் கணவருக்குத் தெரியும்.

இன்று என்னை இங்கே அழைத்துவந்தவர் என் கணவர்தான். அவரும் கலைமதியும் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். நான் உள்ளே வருமுன், “பஸ்ஸுல படிச்சத மட்டும் சொல்லாத அன்பு” என்றார். நான் சரி என்றேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அந்தப் பெஞ்சுப் பக்கத்துச் சன்னல் திறந்திருந்ததால் குரலைத் தாழ்த்தி வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் நடந்த இடம் வந்தபோது, கலைமதிக்குக் கேட்க வேண்டும், உரக்க வாசியுங்கள் என்றேன். அப்படியே வாசித்தார்கள். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) ச. அன்புச்செல்வி