தீப்பெட்டிச் சாட்சிகள்

— அம்மணி, மருந்துக் கடைக்காரன் சின்னுசாமி ஊட்டுல காப்பி குடிச்சுப்போட்டுத்தான் எங்காட்டுக்கு வாரீங்களாமா?

— தண்ணிதாங்ண்ணா குடிச்சேன். வேளாண்மை ஆபீசுக்காரி எந்த ஊட்டுல தண்ணி குடிக்கறான்னு பாக்க நாச்சிமுத்தண்ணன் ஆள் வெச்சிருக்கீங்களா?

— வெக்கோணுமுங்க. அவன் என் தங்கச்சி புருசன்தான், இல்லைங்கல. ஆனா அவன் குடுத்த மருந்தை ஏழு தடவை அடிச்சும் பருத்திக்காய்க்குள்ள புழு நெளியுது. மருந்துல தண்ணி கலந்து விக்கறான்னு மனுக் குடுத்தா, நீங்க அவன் ஊட்டுலயே தண்ணி குடிக்கறீங்க.

— அந்த மனுவுக்காகத்தான் வந்திருக்கறேன். நீங்க இந்த வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டா நாளைக்கு அவர் கடைக்கு சீல் வெச்சுருவாங்க. அதுக்கு முன்னால பரிசோதனை முடிவைக் கேட்டுக்கங்க. அவர் கடை டப்பாவைப் பிரிச்சு, ஆத்தூர்ல பிடிச்ச அம்பது புழு மேல தெளிச்சோம். நாப்பத்தெட்டு செத்துருச்சு.

— எங்காட்டுப் புழு?

— அம்பதுல பதினொண்ணுதான் செத்துச்சு.

— பாத்தீங்களா. ஆத்தூருக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா. மாத்திப்போட்டான்.

— ஒரே டப்பாங்ண்ணா. நானே பிரிச்சேன். புழுதான் வேற.

— புழுவுல என்னங்க வேற? அதே பச்சை, அதே கோடு.

— பாக்கத்தான் ஒண்ணு. ஒரு வயித்துப் பிள்ளைகள்லயே ஒருத்தன் மழையில நனைஞ்சாக் காய்ச்சல்ல படுப்பான், இன்னொருத்தனுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படி நூறு புழுவுல நாலஞ்சு மருந்தைத் தாங்கிரும். அடிக்க அடிக்க மத்ததெல்லாம் செத்து, தாங்கறதோட வம்சம் மட்டும் பெருகும். ஆத்தூர்ல ரெண்டு தடவைதான் அடிச்சாங்க. நீங்க ஏழு.

— நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கறான் சின்னுசாமி.

— என்னை நம்ப வேண்டாம். சாட்சி வெச்சிருக்கறேன்னு மனுவுல எழுதியிருக்கீங்களே, அதைக் கொண்டாங்க. உங்க கண்ணு முன்னாலயே மருந்து தெளிச்சுக் காட்டறேன்.

— சௌந்திரம், அந்தத் தீப்பெட்டிச் சாக்கைக் கொண்டா புள்ள. அம்மணி, ஒவ்வொரு தடவை மருந்தடிச்ச மறுநாளும் சாகாத புழுவாப் பொறுக்கி, தேதி எழுதி, பெட்டிக்கு ஒண்ணா அடைச்சேன். கூட்டாப் போட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் திங்குது. கோர்ட்டுல சாட்சி உசுரோட நிக்கோணுமில்லீங்களா, தினமும் பருத்திக்காய் நறுக்கிப் போட்டு வளக்க ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன்.

— சாகாததை மட்டுமா வளத்தீங்க?

— செத்தது என்னங்க சாட்சி சொல்லும்?

— இந்தப் பெட்டி காலியா இருக்குதுங்ண்ணா. இதுவும் காலி.

— ஏம்புள்ள, என் தங்கச்சி இங்க வந்தாளா? புருசனுக்காகச் சாட்சியக் கலைச்சுப்போட்டாளா?

— ஆரும் வரலீங்க மாமா. புழுவெல்லாம் கூடு கட்டிப் படுத்துக்கிச்சு. பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு, பெட்டிக்குள்ள படபடன்னு சத்தம். தொறந்தா புழுவக் காணோம், ஒரு சாம்பல் கலர்ப் பூச்சி உக்காந்திருக்குது. அதுதான் புழுவத் தின்னு நமக்கு நல்லது பண்ணுச்சுன்னு இருந்தேன்.

— அக்கா, அது வேற பூச்சியில்ல. அந்தப் புழுவேதான் பூச்சியாகி முட்டை போடும். அதையெல்லாம் என்ன பண்ணுனீங்க?

— பசிச்சிருக்குமேன்னு, இந்த ரெண்டு மாசமா ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போயி, நம்ம பருத்திப் பூ மேலயே உட்டனுங்க அம்மணி.