தூங்குமூஞ்சி வைரஸ்

அநியாயம்ண்ணே! இந்த லேப் தட்டுல மருந்து போட்ட பக்கம் இருட்டு, வெறும் தண்ணி போட்ட பக்கம் பச்சைப்பசேல்னு மின்னுது! இப்படியும் ஒரு வைரஸா? நீங்க ஏசியைப் பாருங்க, பாருங்க... வாயில திருகாணியை வச்சுக்கிட்டுத் தலையாட்டாதீங்க, முழுங்கிடப் போறீங்க!

நான் சிரிக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. அழுதா இந்தக் கண்ணாடி மங்கிடும், மாஸ்க்குக்குள்ள மூக்கைத் துடைக்கவும் வழியில்ல. அதான் சிரிப்பு.

எச்.ஐ.வி.ண்ணே. ஐயோ, ஏணியை ஆட்டாதீங்க! மூடி ஒட்டியிருக்கு, இது பல்லைப் பிடுங்கின வைரஸ்தான். நிஜமானது என் தம்பி உடம்புல இருக்கு. தினம் மாத்திரை போடுறான், நல்லாத்தான் இருக்கான். நிறுத்தினா போச்சு, தூங்குறது எழுந்துக்கும். எங்க தூங்குது தெரியுமா? நம்ம டி.என்.ஏ. இருக்கே, நூல்கண்டாட்டம் சுத்தி வச்சிருக்கும். இது அதுக்கு நடுவுல போய்ப் படுத்துக்கும். எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், ஆனா சுத்தல் இறுக்கம்... நம்ம உடம்புச் செல்லால படிக்க முடியாது. மாத்திரைக்கும் சிக்காது. தூங்குமூஞ்சி!

எங்க மருந்து அந்த நூலைத் தளர்த்தணும். எழுந்தா பச்சையா மின்னுற மாதிரி இந்த வைரஸைச் செஞ்சு வச்சிருக்கோம். அப்புறம்தானே பிடிச்சுத் தீர்த்துக்கட்ட முடியும்? தம்பி நைட் ஷிப்ட் முடிஞ்சு படுக்கிறதுக்கு முன்னாடி தினம் போன் போட்டு, 'அக்கா, என் ஆளு எழுந்தாச்சா?'ங்கிறான். இன்னிக்கும் இல்லடான்னுட்டேன். 'சரிக்கா, சாப்டியா?'ன்னான். அந்த 'சாப்டியா'தாண்ணே... விடுங்க. எங்க லேப் மேடத்துக்கும் 'மருந்து தோத்துடுச்சு, நிறுத்திடலாம்'னு மெசேஜ் தட்டிவிட்டாச்சு.

இருங்க, அங்கிருந்து உங்களுக்குத் தெரியாது. தட்டை உங்க பக்கமாத் திருப்புறேன். இதோ, மூலையில சின்னதா ஒரு வெட்டு இருக்கா? அது எப்பவும் என் இடது கைப் பக்கம், மேல இருக்கணும். இப்ப...

இப்பத்தான் சரியா இருக்கு.

அண்ணே! அப்ப இவ்வளவு நேரம் தலைகீழா வச்சுல்ல பார்த்திருக்கேன்! நானே! மருந்து போட்ட பக்கம்தான் பச்சை! எழுந்துடுச்சுண்ணே!

ஐயையோ, மெசேஜ்! மேடம் படிச்சுட்டாங்க! திட்டட்டும், நல்லாத் திட்டட்டும்! தட்டுலதான் எழுந்திருக்கு, தம்பி உடம்புக்கு இன்னும் எவ்வளவோ தூரம், தெரியும், தெரியும், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்... அண்ணே? என்ன, ஏணி மட்டும் நிக்குது?

எழுந்துடுச்சுன்னதும் ஓடிட்டீங்களா? சரி, போங்க. ஹலோ... எடுடா, எடு... என்னடா, தூங்கிட்டியா? எழுந்திருடா! உன் ஆளே எழுந்துட்டான், உனக்கென்னடா தூக்கம்!