கடைசி வாரத்துக்கு ஆறு பொம்மை போதும்

காபி நன்றாக இருக்கிறது, சார். ஷெரீப் ஆபீஸில் இவ்வளவு திக்காகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பேன்.

முதலில் பொம்மை வாத்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. நீங்களும் சதுப்புக்குப் போகிறவர்தான், வாசலில் உங்கள் வண்டிச் சேற்றைப் பார்த்தேன். நவம்பரில் வருகிற வாத்து வெள்ளந்தி. நாற்பது பொம்மையை மிதக்கவிட்டால், ஏதோ சொந்தக்காரர் கல்யாணம் என்று நினைத்து இறங்கிவிடும். சீசன் முடிகிற ஜனவரி கடைசி வாரத்து வாத்து அப்படியில்லை. கனடாவிலிருந்து லூசியானா வரைக்கும் வழியெல்லாம் சுட்டுச் சுட்டு அதற்குப் படிப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாற்பது பொம்மையைப் பார்த்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

அதற்கு ஆறு போதும். நான்கு வாத்து, இரண்டு நாமக்கோழி. நாமக்கோழி பயந்தாங்கொள்ளி. அது மேய்கிற இடத்தில் ஆபத்து இருக்காது என்று வாத்து நம்பும். நடுவில் இறங்குவதற்குக் கொஞ்சம் இடம் விடவேண்டும். அதை நாம் இழுக்கக் கூடாது. தானாகத்தான் வந்தோம் என்று அது நினைக்கவேண்டும்.

க்ளோவிஸ் இதை ஒப்புக்கொண்டதே கிடையாது. அவன் என் மனைவி எனோலாவின் அண்ணன். குளம் அவன் பேரில். கரையோரம் நாணல் வேய்ந்த மறைவு ஒன்று உண்டு, உள்ளே இரண்டு பேர் உட்காரும் பலகை. இருபத்திரண்டு வருடமாக இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். நான் விரித்த பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ளே, ஆறுதானா? மீதியெல்லாம் பட்டினியில செத்துப்போச்சா?" என்பான். சிரிப்பேன். எனக்கு அவனைப் பிடிக்கும், சார். இப்போதும் பிடிக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று அவன் வீட்டில் கம்போக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹூஸ்டனிலிருந்து அவன் மருமகன் வந்திருந்தான், பிரெண்ட் என்று பேர். பேட்டரியில் சிறகு சுற்றுகிற பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் ஓடவிட்டான். சாப்பாட்டு மேசைமேல்! க்ளோவிஸ் கைதட்டினான். அப்புறம் என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே, "மாப்ளே, அடுத்த சீசன்லேர்ந்து உன் எடத்துல பிரெண்ட் உக்காரட்டும். உனக்கும் மூட்டு வலி, குளிர்ல எதுக்கு கஷ்டம்?" என்றான்.

"சரி மச்சான்," என்றேன். கம்போவையும் முழுதாகச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அந்தப் பலகையில் அரை ஆள் அகலம்தான் என்னுடையது. உலகத்தில் எனக்கென்று நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் குளத்தில் ஒரு சட்டம் உண்டு. விரித்தவன் உட்காரலாம், குறை சொன்னவன் இறங்கிச் சரிசெய்யவேண்டும். பேச்சைக் குறைப்பதற்காகப் போட்ட சட்டம். க்ளோவிஸ் அதனால் குறை சொல்வதை விட்டானா? நாய் வாலை நிமிர்த்த முடியுமா? இருபத்திரண்டு வருடமும் இறங்கி இறங்கி வந்தான்.

குளத்தின் வடக்கே, எப்போதோ எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வெட்டிய பழைய கால்வாய் இருக்கிறது. மேலே தண்ணீர், கீழே அடியில்லாத சேறு. அதன் விளிம்பில் க்ளோவிஸ் ஒரு மூங்கில் கழி நட்டிருந்தான். கழிக்கு இந்தப் பக்கம் முழங்கால் ஆழம். நான் வியாழக்கிழமை படகில் போய் அந்தக் கழியைக் கால்வாய்க்குள் பன்னிரண்டு அடி தள்ளி நட்டேன். அது மட்டும் போதாது, அவன் வாத்தைவிட உஷார். கழிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு நாமக்கோழி மிதக்கும். சனிக்கிழமை பொம்மை விரிக்கும்போது அவற்றையும் அதே அளவு தள்ளி வைத்தேன். பழகிய கண்ணுக்கு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு நாமக்கோழியை மட்டும் மல்லாத்திவிட்டேன்.

சனிக்கிழமை அழகான காலை. சொட்டுக் காற்று இல்லை. அது எனக்குக் கவலைதான். காற்றில்லாவிட்டால் பொம்மைகள் செத்ததுபோல் நிற்கும், கடைசி வாரத்து வாத்து அதைக் கண்டுபிடித்துவிடும்.

விடிந்ததும் க்ளோவிஸ் ஆரம்பித்தான். "அங்க பாரு மாப்ளே, ஒருத்தன் மல்லாந்து கெடக்கான்."

"காத்து தள்ளியிருக்கும் மச்சான்."

"காத்தா? இல அசையல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

"கொற சொன்னவன் எறங்கணும்."

"எறங்குறேன், எறங்குறேன். நீ உக்காரு, மூட்டு வலிக்காரன்."

மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் உடுப்பு போட்டிருந்தான். இடுப்பில் பெல்ட்டை இறுக்கினால் உள்ளே தண்ணீர் போகாது. அவன் வயிற்றுக்கு எட்டவில்லை என்று நாலு வருடமாக அதைக் கட்டுவதில்லை. நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எனோலாவைக் கேளுங்கள், அவளும் சொன்னாள்.

கழிக்குப் பத்தடி முன்னால் இடுப்பு வரைக்கும் போனான். அப்புறம் மார்பு வரைக்கும். "மாப்ளே, கழி தப்பா நிக்குதுடா! துடுப்ப நீட்டு!" என்றான். துடுப்பு என் காலடியில்தான் கிடந்தது.

நீட்டத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் சார், அவன் கைகாலை அடித்த அடியில் குளம் முழுக்க அலை கிளம்பியது. ஆறு பொம்மையும் உயிர் வந்ததுபோல் ஆடின. மேலே சுற்றிக்கொண்டிருந்த கூட்டம் அதைப் பார்த்துச் சிறகை மடக்கி நேராக இறங்கியது. அப்படி ஒரு வரத்தை நான் பார்த்ததில்லை. "மச்சான், வருது, வருது!" என்று கத்தினேன். அவனும் மேலே பார்த்தான். முதல் கூட்டம் போய் இரண்டாவது வந்தது, அப்புறம் மூன்றாவது.

இந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். கழி, நாமக்கோழி, துடுப்பு, எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து அழகு.

அந்த இன்னொரு தாள், வனத்துறைக்காரர் கொண்டுவந்தது, அதில் மட்டும் போடமாட்டேன். படகில் பன்னிரண்டு வாத்து இருந்தது உண்மை. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆறுதான் அளவு, ஒரே ஆள் அளவுக்கு மேல் சுட்டான் என்று எழுதியிருக்கிறார். போட்டால் என் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் வருகிற நவம்பரில் அந்தப் பலகையில் யார் உட்காருவது? பிரெண்டா? நான் அளவு மீறுகிறவன் இல்லை, சார். ஆறு என்னுடையது, ஆறு க்ளோவிஸுடையது. பன்னிரண்டாவது விழும்போது அவன் கை தண்ணீருக்கு மேலேதான் இருந்தது, விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் சுட்டேன்.