மண் எடுக்க வந்தவள்

தினமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். மாடுகளுக்குச் சோளத்தட்டு போடுவேன். பால் கறப்பது கருப்புசாமியின் வேலை. எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறவர். அவர் பாலைக் கொண்டுவந்து வைத்ததும் அம்மா காபி போடுவாள். குடித்துவிட்டு மோட்டார் போடப் போவேன். மார்ச் பதினொன்றாம் தேதி வியாழக்கிழமையும் அப்படித்தான். வழக்கமாக இரண்டு டம்ளர் காபி. அன்றைக்கு மூன்று. என் மனைவி செல்லாத்தாள் ஊருக்கு வந்திருந்தாள்.

வேலுண்ணி வைத்தியரை நீங்கள் மூன்று நாளாகப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் மச்சினன்மார் அவருடைய மருந்துப் பானைகளை உடைத்ததும் தெரியும். அவர் மேல் தப்பில்லை. அன்றைக்கு நான் சொல்லி, உங்கள் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் சில இடங்களை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் செல்லாத்தாளும் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பில் ஒரே வகுப்பு. தூரத்துச் சொந்தம். அதனால் கல்யாணம் பேச யாருக்கும் சிரமமில்லை. கல்யாணமான வருடம் ஹாலந்தில் மண்ணியல் படிக்க உதவித்தொகை தருவதாக விளம்பரம் வந்தது. இரண்டு பேரும் எழுதிப் போட்டோம். இரண்டு விண்ணப்பத்தையும் நான்தான் டைப் அடித்தேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது.

ஊரில் எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். எழுபத்துநான்கு ஆகஸ்டில் அவளை பம்பாய்க்கு ரயிலேற்றிவிட்டுத் தோட்டத்துக்கு வந்து கடலைக்காய்க்குத் தண்ணீர் கட்டினேன்.

வாரம் ஒரு கடிதம் வரும். முதல் மூன்று மாதம் குளிர், அழுகை, சோறு சரியாக வேகவில்லை, மாடி அறையில் நிமிர்ந்தால் கூரை இடிக்கிறது, யாரோடும் பேச முடியவில்லை. அந்தக் கடிதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கப் பழகிவிட்டாள். வீட்டுக்காரக் கிழவிக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அங்கே அவளைச் ‘செல்லா’ என்று கூப்பிட்டார்கள். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘நான்’ என்று எழுதிக்கொண்டிருந்தவள் ‘நாங்கள்’ என்று எழுத ஆரம்பித்தாள். நாங்கள் போனோம், நாங்கள் பார்த்தோம், ரயிலைத் தவறவிட்டு நாங்கள் ஸ்டேஷன் பெஞ்சிலேயே தூங்கினோம். ஈஸ்டர் விடுமுறையில் ஒன்பது நாளில் நான்கு நாடு. “பாதித் தூக்கத்துல எழுப்பி பாஸ்போர்ட்டப் பாக்கறாங்க. நம்ம வேலந்தாவளம் செக்போஸ்ட்டாட்டத்தான். அரிசி இருக்குதான்னு மட்டும் கேக்கலீங்க” என்று எழுதியிருந்தாள். அம்மா சிரித்துவிட்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அன்றைக்குத்தான் தமிழ்நாட்டு எல்லையில் அரிசிக் கடத்தலைப் பிடிக்கிற அந்தச் செக்போஸ்ட்டில் பருத்திக்கொட்டை மூட்டைகளோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

ஒரு போட்டோவும் வந்தது. ஏழு பேர் ஒரு பாலத்தின் மேல். அவள் தோளில் கை போட்டிருந்தது ஒரு இந்தோனேசியப் பெண். அதை நீங்களும் பார்த்தீர்கள், யாராவது ஆண் உண்டா என்று என்னிடம் கேட்டீர்கள். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன மாதம் வந்தாள். ஆராய்ச்சிக்கு எங்கள் ஊர் வடகரப்பதியின் கரிசல் மண்ணையே எடுத்திருந்தாள். அவர்களே டிக்கெட் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆறு இடத்தில் நாலடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அடுக்கடுக்காக மண்ணைச் சுரண்டித் துணிப்பையில் கட்டி, தேதி எழுத வேண்டும். அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை.

“ஏங்கண்ணு, சீமைக்குப் போறவங்க ஊறுகாய் கொண்டுபோவாங்க. நீ மண்ணக் கட்டிட்டுப் போறே. அங்க மண்ணுமா இல்ல?”

“இருக்குதுங்க அத்தை. நம்முளுதாட்டக் கருப்பா இல்லீங்க.”

“கருப்புன்னா அவியளுக்கு ஆசையாட்ட இருக்குது. அதுதான் உன்னயப் புடிச்சு வெச்சுட்டாங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக அம்மா சொல்கிறாள்.

பத்தொன்பதாம் தேதி அவள் திரும்ப வேண்டும். இன்னும் ஆறு மாதப் படிப்பு பாக்கி. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்: “நீங்களும் வாங்க. ரெண்டு பேருக்கு ரூமு கேட்டு வெச்சிருக்கறேன். தோட்டத்தக் கருப்புசாமியண்ணன் பாத்துக்குவாரு. மொதல்ல குளிரும், அப்புறம் பழகீரும். நான் எல்லாம் சுத்திக் காட்டறனுங்க.”

சுத்திக் காட்டுகிறேன் என்றாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, கை ஓங்கியதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

அந்த வியாழக்கிழமை ஆறாவது குழி. கருப்புசாமி மண்ணை மேலே வாங்கிக்கொண்டிருந்தார். நான் மோட்டார் ரூமில் இருந்தேன். குழியின் பக்கச் சுவரில் எலி வளை இருந்திருக்கிறது. அவள் அதைப் பார்க்காமல் கை வைத்துவிட்டாள்.

“பூச்சி தொட்டிருச்சுங்க, ஓடி வாங்க” என்று கருப்புசாமி கத்தினார். எங்கள் பக்கம் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். செல்லாத்தாள் சொன்னாள். குழிக்கு வெளியே உட்கார்ந்து, கையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நல்லபாம்புங்க. படத்தப் பாத்தேன். மணி ஏழு இருவது. ஜீப்ப எடுங்க, கோயமுத்தூருக்குப் போயிறலாம்.”

கருப்புசாமி ஜீப்பில் ஏறப் பார்த்தார். அம்மாவிடம் போய்ச் சொல்லும்படி அவரை இறக்கிவிட்டேன். இது முதல் திருத்தம். அவர் வர மறுத்தார் என்று முன்பு சொல்லியிருந்தேன்.

விஷமுறிவு ஊசி கோயம்புத்தூரில் இருப்பது எனக்குத் தெரியும். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றும் தெரியும். பாதை பிரிகிற இடத்தில் கிழக்கே திரும்பினால் ஐந்து நிமிடத்தில் செக்போஸ்ட். நான் மேற்கே திருப்பினேன். அந்த இடம் வரைக்கும் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. திருப்பிய பிறகு முடிவாகிவிட்டது.

கொல்லங்கோட்டைத் தாண்டி வேலுண்ணி வைத்தியர் வீடு. எங்கள் ஜனங்கள் பூச்சிக் கடி என்றால் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிழைத்தவர்களும் உண்டு. பிழைக்காவிட்டால் விதி என்பார்கள். கொண்டுபோனவனை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

“ஏனுங்க, கோயமுத்தூரு அந்தப் பக்கமல்லங்க?” என்றாள்.

செக்போஸ்ட்டில் அரிசி லாரியைப் பிடித்துப் போட்டு ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்றேன். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஜீப்பை நான் வேகமாக ஓட்டவில்லை. வழியில் ஒரு முறை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதற்குத் தேவை இருக்கவில்லை.

வைத்தியர் முதலில் கடிபட்டவரைப் பார்ப்பதில்லை. கொண்டுவந்தவனைப் பார்ப்பார். அவன் எந்தக் காலை முன்வைத்து நிற்கிறான், முதல் வார்த்தையாக என்ன சொல்கிறான் என்பதை வைத்து ஆள் பிழைக்குமா என்று கணிப்பது அவர்கள் முறை. என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜீப்புக்கு வந்து அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். இமை நிற்கவில்லை, விழுந்தது.

“மோனே, இது என் கையில நிக்காது. ஊசி போடணும். வேகம் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. நானும் கூட வராம்” என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுவதற்குத் தயாராகவே நின்றார்.

இவளுக்கு ஊசி என்றால் பயம், உங்களைத்தான் நம்பி வந்திருக்கிறாள் என்று நான் சொன்னேன். அவளால் அப்போது பேச முடியவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் அசைத்தாள். அது மறுப்பு என்று எனக்குத் தெரிந்தது. வைத்தியர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மருந்து அரைக்க உள்ளே போனார். நான் அவர் தோட்டத்து மல்லிகைப் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதே முக்காலுக்கு அவள் மூச்சு நின்றது.

அவளைக் கொன்றது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள்.

அவளுக்கு எதுவும் தெரியாது, என்னை முழுக்க நம்பித்தான் போனாள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அது ஆறுதல். மூன்று வாரமாக நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் தூங்குகிறேன். இதுவரை எழுதியதிலும் அப்படித் தோன்றும்படியே எழுதியிருக்கிறேன்.

அவள் கடைசியாக “வைத்தியர்கிட்டயே போலாமுங்க” என்று சொன்னதாக என் வாக்குமூலத்தில் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு தடிக்க ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடிபடாத கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“நான் திரும்பிப் போகமாட்டனுங்க. இங்கயே இருந்துக்கறனுங்க. வண்டியத் திருப்புங்க.”