நாற்பது வயலின்களும் ஒரு தொண்டையும்

பெண்ணின் அப்பா: நம்பினா நம்புங்க சம்பந்தி, முந்தாநாள் நாப்பது வயலினை ஒரே நேரத்துல வாசிச்சேன். கையால இல்ல... தொண்டையால!

பையனின் அப்பா: போன மாசம் ஓடுற ரயிலை ஒத்தைக் கையைக் காட்டி நிறுத்தினீங்க. ரிடயர் ஆனதிலேர்ந்து உங்க வாய்க்குத்தான் ஓவர்டைம்.

— இது உங்க வீட்டு மாடி ரூம்லயே நடந்தது. உங்க மருமகளைக் கேளுங்க!

— அவ உங்க பொண்ணுதானே? அங்க மட்டும் வேற ரத்தமா ஓடுது?

— கேளுங்க. கம்ப்யூட்டர்ல வயலின் சத்தம் இருக்கு, உசிர் இல்ல. மைக்ல நாம குரலை ஏத்தினா வயலினும் ஏறும். இழுத்தா இழுக்கும். வார்த்தையெல்லாம் காணாமப் போயிடும், ஏக்கம் மட்டும் நிக்கும். ஒரு தும்மல் போட்டேன் பாருங்க... நாப்பதும் சேர்ந்து தும்மிச்சு! பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி...

— உடைஞ்சுதா?

— விரிசல்.

— வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

— மியூசிக் போடறதுல அவளுக்கு இது முதல் படம். டைரக்டர் நான் பண்ணின எதையும்... ஒரே ஒரு மியூசிக் துண்டைத் தவிர... வேண்டாம்னுட்டார். அந்தத் துண்டைக் கேட்டுட்டு மட்டும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாராம். "படம் முழுக்க இந்தக் குரல்தான் வேணும். நாளைக்குள்ள குடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டார்.

— போய்ப் பண்ணுங்களேன். தொண்டை என்ன, ஊருக்கா போயிருக்கு?

— காலையிலேர்ந்து பண்றேன். நாப்பதும் கொட்டாவி விடுது.

— ஏன்? அந்தத் துண்டும் நீங்க பண்ணினதுதானே?

— அது... "அப்பா, பிரமாதம்"னா. நானும் சும்மா... ஆமான்னு தலையாட்டிட்டேன்.

— அடப்பாவி மனுஷா! அப்ப அது யாரு?

— அதைக் கேக்கத்தான் வந்தேன். அவ மைக்கை அணைக்கிறதே இல்ல. அன்னிக்கு அவளும் மாப்பிள்ளையும் வெளிய போயிருந்தாங்க. நான் ஹால்ல தூங்கிட்டேன். வீட்ல வேற யாரு?

— பூனை ஏதாவது...

— பூனை மூக்கு உறிஞ்சுமா? நடுநடுவுல நாப்பது வயலினும் மூக்கை உறிஞ்சுது... இதோ! இப்ப நீங்க உறிஞ்சினீங்களே, அச்சு அசலா அதே மாதிரி!

— ஜலதோஷம்.

— சம்பந்தியம்மா கோவிச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப, "போனா போகட்டும், எனக்கென்ன"ன்னு மீசையை முறுக்கினீங்க...

— இப்பவும் அதையேதான் சொல்வேன்.

— சரி. மாமனார் மீசை நல்லா இருக்கட்டும், மருமக வேலை போகட்டும். நான் வரேன்.

— இருங்க... உக்காருங்க.

— ம்?

— அவ ராப்பகலா உழைக்கிறா... பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அதனால?

— அந்த ரூம்ல சுவர் முழுக்கப் போர்வை தொங்குது. உள்ள என்ன பேசினாலும் வெளிய கேக்காதேன்னு... போனை எடுத்துக்கிட்டுப் போய்...

— போய்?

— நடந்துச்சு சம்பந்தி, நடந்துச்சு! கெஞ்சினேன், விக்கி விக்கி அழுதேன். அந்த நாப்பது வயலினும் நான்தான், போதுமா? ஆனா படம் முழுக்க எப்படி அழறது? உங்க சம்பந்தியம்மாதான் இன்னிக்குக் காலையிலயே வந்துட்டாளே!